வேடிக்கைக்கு ஒரு கட்டணம், வழித்துணைக்கு ஒரு கட்டணம்

(போடி அருகே ராசிங்காபுரத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்களின் கிராமத்தைச் சுற்றிப் பார்ப்பது, அங்கே காட்டுக்குள் சஃபாரி போவது, இவற்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வெளிநாட்டில் சம்பாதிக்கிறார்கள். அப்பா அம்மாவைக் கூட்டிப்போய் ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். ஆகவே இது நமக்கு ஆகாத பேச்சு இல்லை. ஆனால் வாசலில் நின்றால் மேற்கே மலை தெரிகிற ஊரில், அந்த மலையை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைப் பற்றி மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

1895 என்ற ஆண்டை இந்தச் சீமையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்ட ஆண்டு. மேற்கே ஓடிய தண்ணீர் சுரங்கவழியாகக் கிழக்கே திரும்பி நம் பக்கம் வந்தது. அதே 1895இல்தான், இந்துமாக்கடலுக்கு அப்பால், ஜூலு மன்னர்கள் வேட்டையாடிய லுலுவே, இம்ஃபலோசி காடுகளை வெள்ளை அரசாங்கம் விலங்குகளுக்கான காப்புக்காடு என்று அறிவித்தது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் மிகப் பழைய காப்பகங்களில் அது ஒன்று. இங்கே அணை கட்டியதால் ஏரி உண்டானது. ஏரியைக் காக்கச் சுற்றிலும் காட்டைக் காக்க வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் அரசு 1934இல் அங்கே ஒரு விலங்குச் சரணாலயத்தை அறிவித்தது. 1978இல் அது பெரியார் புலிகள் காப்பகம் ஆனது. நாம் 'தேக்கடி' என்கிறோம். காப்பகத்தின் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். லுலுவே–இம்ஃபலோசி சுமார் 960. அளவில் ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு காடுகள். இரண்டிலும் காப்பகம் வருவதற்கு முன்பே மனிதர்கள் இருந்தார்கள்.

முதலில் ஜூலு கிராமம். பழைய ஜூலு வீட்டமைப்பு வட்டமானது. நடுவே மாட்டுத்தொழுவம், அதைச் சுற்றிப் புல் வேய்ந்த அரைக்கோளக் குடில்கள். வீட்டு நடுவில் கடவுளுக்கு இடம் விடுவதைப் போல அவர்கள் மாட்டுக்கு விட்டிருக்கிறார்கள். மாடுதான் செல்வம், மாடுதான் மரியாதை. பெண் எடுக்க மாடு கொடுக்க வேண்டும். பதினொன்று என்பது வழக்கமான கணக்கு, அதில் ஒன்று பெண்ணைப் பெற்ற தாய்க்குத் தனியாக. குடிலுக்குள் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம் உட்காருவார்கள். உள்ளே பின்பக்கச் சுவரோரம் முன்னோருக்கான இடம். கண்டவர்கள் அங்கே போய் நிற்கக்கூடாது. தானியத்தைப் புளிக்கவைத்துக் காய்ச்சிய பானத்தை மண்கலயத்தில் கொண்டுவருவார்கள். கொடுக்கிறவர் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் விருந்தாளியிடம் நீட்டுவார். நஞ்சில்லை என்பதற்குச் சாட்சி அது.

இதையெல்லாம் இன்று பயணிகள் ஓரிரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். டர்பனிலிருந்து கொஞ்ச தூரத்தில் 'ஆயிரம் மலைப் பள்ளத்தாக்கு' என்று ஓரிடம். அங்கே குடில், ஈட்டி, பாசிமணி, தரையதிரும் ஆட்டம் எல்லாம் நேரம் குறித்து நடக்கும். இன்னும் வடக்கே எஷோவே ஊர்ப்பக்கம் ஷாகாலேண்ட் என்று ஒன்று பெயர்பெற்றது. அது உண்மையான கிராமமே அல்ல. 1986இல் ஒளிபரப்பான 'ஷாகா ஜூலு' தொலைக்காட்சித் தொடருக்காகப் போட்ட செட். படப்பிடிப்பு முடிந்தும் பிரிக்காமல் அதைத் தங்கும் விடுதியாக்கிவிட்டார்கள். ஷாகா மன்னர் 1828இல் கொல்லப்பட்டவர். அவருடைய ஊரைப் பார்க்கப் போகிறோம் என்று கிளம்பினவர்கள் பார்த்தது ஒரு கலை இயக்குநரின் வேலையை.

இதைக் கேட்டதும் சிரிக்கிறீர்கள். நான் சிரிக்கத் தயாராக இல்லை. காசு வாங்கி ஆடினால் அது பொய் ஆட்டம் என்று சொல்லிவிட்டால், நம் கரகாட்டக் குழுவும் நையாண்டி மேளமும் எங்கே போவது? மேளம் வாசிக்கிறவருக்கு அட்வான்ஸ் கொடுத்துத்தான் திருவிழாவுக்குக் கூப்பிடுகிறோம். ஆட்டம் அசலா நகலா என்ற ஆராய்ச்சியில் பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் நிறைய மை செலவழித்துவிட்டார்கள். எனக்கு அதைவிட வேறொன்று முக்கியமாகப் படுகிறது. ஆடுகிறவர்கள் "இன்றைக்கு ஆட முடியாது" என்று சொல்லலாமா? அந்த அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறதா?

இதைக் கேட்கிற உரிமை தமிழருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. காரணம் சொல்கிறேன். டர்பன் இருக்கும் நடாலில் வெள்ளைக்காரர்கள் கரும்புத்தோட்டம் போட்டபோது அந்த மண்ணின் ஜூலு ஆண்கள் தோட்டக்கூலிக்கு வர மறுத்தார்கள். அவர்களுக்கு நிலம் இருந்தது, மாடு இருந்தது. காலை முதல் இருட்டும்வரை கங்காணியின் கீழ் வெட்ட வேண்டிய அவசியம் இல்லை. அதனால்தான் கப்பல் வந்தது. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து போன ஒப்பந்தக்கூலிகளுடன் டர்பன் துறைமுகத்தைத் தொட்டது. அடுத்து 1911 வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள்.

ஏலமலையிலும் நடந்தது இதுவேதான். மலையில் இருந்த முதுவரும் மன்னானும் பளியரும் எஸ்டேட்டுக்குத் தோதான கூலிகளாக வளையவில்லை. ஆகவே கூலிக்கு ஆள் கீழேயிருந்து ஏறியது. போடி, தேவாரம், கோம்பை, கம்பம், இந்த ராசிங்காபுரம். இன்றைக்கும் விடிவதற்கு முன்பே ஜீப்பில் அடைந்துகொண்டு போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கம் போய், இருட்டும்போது திரும்புகிறோம். மலைக்காரர்களைப் பயணிகளுக்கு ஆட்டக்காரர்களாகக் காட்டுகிறது உலகம். தோட்டத்தில் கூலி வேலை செய்கிற தமிழருக்கு அதுவும் கிடையாது. ஏலக்காய் எடுக்கிற பெண்ணின் வாழ்க்கையைப் பார்க்க எந்த ஊரிலும் டிக்கெட் கிழிப்பதில்லை. இதில் எது மேல் என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தேக்கடிக்கு வருவோம். குமுளியில் மன்னாக்குடி, பளியக்குடி என்று இரண்டு குடியிருப்புகள் உண்டு. காட்டுக்குள் இருந்தவர்களை வெளியே கொண்டுவந்து குடியேற்றிய இடங்கள் அவை. மன்னான்கள் தங்களை மதுரைப் பக்கத்திலிருந்து பாண்டியரோடு மலையேறியவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இடுக்கியில் கோவில்மலையில் அவர்களுக்கு இன்றும் ராஜா உண்டு, ராஜமன்னான் என்பார்கள். அறுவடையின்போது 'காலாவூட்டு' நடத்துவார்கள். அதில் ஆடுகிற மன்னான் கூத்தில் என்ன கதை தெரியுமா? கோவலன் கண்ணகி கதை. மதுரையை எரித்தவளின் கதையை மதுரைக்காரர்களாகிய நாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தோம். அவர்கள் விடிய விடிய ஆடி வைத்திருந்தார்கள்.

இந்த மக்களின் நிலை முப்பது ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்பதை ஏல வியாபாரம் தெரிந்த நீங்கள் எளிதில் புரிந்துகொள்வீர்கள். மன்னான்களின் மிளகுக்கொடி வியாபாரிகளிடம் அடகில் கிடந்தது. காய் பிடிப்பதற்கு முன்பே முன்பணம். காய்த்ததும் முழுவதும் வியாபாரிக்கு. தோட்டம் இவர்களுடையது, மிளகு வேறொருவருடையது. 1996இல் உலக வங்கியின் உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் பெரியாருக்கு வந்தது. வனத்துறை, ஊர் ஊராகக் குழு சேர்த்தது. குழுப்பணத்தை வைத்து முதலில் அந்த அடகை மீட்டார்கள். ஆட்டம், அருங்காட்சியகம், படகு எல்லாம் அதற்குப் பிறகுதான். வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. அடகில் கிடப்பவனை மேடையேற்றி ஆடச் சொல்லாமல், முதலில் அடகை மீட்டார்கள்.

அடுத்தது அதே காட்டில் நடந்த இன்னொரு கதை. வயனா மரம் தெரியும் உங்களுக்கு. காட்டு இலவங்கம். அதன் பட்டையை உரித்துத் திருட்டுத்தனமாகக் கீழே இறக்கி விற்கிற கூட்டம் ஒன்று பல ஆண்டுகள் தேக்கடிக் காட்டுக்குள் இருந்தது. வாரக்கணக்கில் உள்ளேயே தங்குவார்கள். பட்டை மட்டுமல்ல, வேட்டையும் உண்டு. வனத்துறை துரத்தும், வழக்குப் போடும், ஜாமீனில் வந்து திரும்பவும் போவார்கள். 1998இல் ஒரு பேச்சு முடிந்தது: வழக்குகளிலிருந்து விடுவிக்கிறோம், தொழிலை விடுங்கள், காட்டைக் காவல் காருங்கள், பயணிகளைக் கூட்டிப் போங்கள். இருபத்து மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். 'முன்னாள் வயனாப்பட்டை சேகரிப்போர்' என்று குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். பழைய தொழிலை மறைக்காமல் பெயரிலேயே போட்டுக்கொண்ட அந்தத் தைரியம் அரசாங்கக் கோப்புகளில் அபூர்வம்.

அவர்கள் நடத்துகிற நடைப்பயணத்துக்குப் 'புலிப்பாதை' என்று பெயர். ஓரிரவோ ஈரிரவோ காட்டுக்குள் கூடாரத்தில் தங்கி நடக்க வேண்டும். பயணிகள் கொஞ்சப் பேர், வழிகாட்டிகள் கிட்டத்தட்ட அதே அளவு, துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை துணியுறை மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். அப்புறம் நடை. மிளா ஒரு தடவை கூப்பிட்டால் சும்மா, விட்டுவிட்டு அடித்தொண்டையில் கத்தினால் ஏதோ நெருங்குகிறது. யானை போட்ட சாணியில் கை வைத்துச் சூடு பார்ப்பார்கள். மரத்தில் நகம் கீறிய உயரத்தைப் பார்த்து ஆள் பெரியதா சின்னதா என்பார்கள். இதையெல்லாம் யாரும் இவர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லித்தரவில்லை. வனக்காவலருக்குத் தெரியாமல் தப்பிக்கக் கற்றுக்கொண்ட வித்தை. அதே வித்தைக்கு இன்று கூலி கிடைக்கிறது, மரியாதை கிடைக்கிறது. புலி கண்ணில் படாமல் திரும்புகிறவர்களே அதிகம். அதைக் குறையாக நினைக்கிறவர் மிருகக்காட்சிசாலைக்குப் போவதே நல்லது.

இனி லுலுவே–இம்ஃபலோசிக்குத் திரும்பிப் போனால் அங்கேயும் இப்படி ஒருவர் இருந்தார். மகூபு என்டோம்பேலா. பள்ளிக்கூடப் படிப்பு இல்லாத ஜூலு வனக்காவலர். அவருடைய மேலதிகாரி இயன் பிளேயர் என்ற வெள்ளைக்காரர். நிறவெறிச் சட்டங்கள் முழு வேகத்தில் இருந்த காலம். 1950களின் இறுதியில் இந்த இருவரும் சேர்ந்து பயணிகளை ஜீப்பில் ஏற்றாமல் நடத்திக் கூட்டிப் போகிற பழக்கத்தைத் தொடங்கினார்கள். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து இரவில் முறைபோட்டுக் காவல் காக்க வேண்டும், பணக்காரர் ஆனாலும். காட்டைத் தனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்த குரு என்டோம்பேலாதான் என்று பிளேயர் சாகும்வரை சொன்னார். சட்டம் என்டோம்பேலாவை வேலைக்காரர் என்றது. காட்டுப்பாதையில் எல்லோரும் அவர் பின்னால் நடந்தார்கள்.

வெள்ளைக் காண்டாமிருகம் இன்று உலகத்தில் இருப்பதற்கும் அந்தக் காடுதான் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் தெற்கு இனத்தில் நூறுகூட மிஞ்சவில்லை; மிஞ்சியவை இம்ஃபலோசி ஆற்றுக் கவட்டில் மட்டும். 1960களில் பிளேயரும் அவரது காவலர்களும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து மற்றக் காடுகளுக்கும் நாடுகளுக்கும் அனுப்பினார்கள். இன்று சஃபாரி ஜீப்பில் உட்கார்ந்து நீங்கள் படம் எடுக்கிற தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் எதுவானாலும் அந்தக் கூட்டத்தின் வாரிசு.

வழித்துணை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தூரம் போக வேண்டாம். 2018 மார்ச் 11. கோடைக்காலம். ஆள் உயரப் புல் காய்ந்து கிடக்கிறது. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த மலையேற்றக் குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும்போது தீ சூழ்ந்தது. இருபத்து மூன்று உயிர் போனது. முதலில் மேலே ஓடியவர்கள் குரங்கணிச் சுற்றுவட்டார ஜனங்கள். போர்வையையும் கம்பையும் வைத்துத் தொட்டில் கட்டி இறக்கினார்கள். உங்களில் சிலர் அந்த இரவைப் பார்த்தவர்கள், நான் விவரிக்க வேண்டாம். தீ ஏன் வந்தது என்ற விசாரணையைவிட, எந்த மாதத்தில் அந்தச் சரிவில் இறங்கக்கூடாது என்பது முதுவாக்குடியில் ஆடு மேய்க்கிற சிறுவனுக்கும் தெரியும் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அவனைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு அதே ஆண்டில் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுவதும் நாற்பது பாதைகளைத் திறந்து, உள்ளூர் இளைஞர்களுக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியிருக்கிறார்கள். குரங்கணிப் பக்கமும் பாதை உண்டு. தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். நல்லது. ஆனால் வழிகாட்டி "இன்று போகவேண்டாம், காற்று சரியில்லை" என்று சொன்னால் இணையத்தில் பணம் கட்டிவிட்டு வந்தவர் கேட்பாரா, வழிகாட்டியின் பேச்சுக்கு அலுவலகம் துணை நிற்குமா, அதில்தான் இந்தத் திட்டம் நிற்கும் அல்லது விழும்.

கொழுக்குமலை பற்றி ஒரு வார்த்தை. அங்கிருக்கும் தேயிலைத் தோட்டம் நம் போடி வட்டத்தில். ஜீப் ரோடு கேரளாவில், சூரியநெல்லியிலிருந்து. விடிகாலைச் சூரியனைப் பார்க்க அந்தக் கல்பாதையில் வரிசையாக ஜீப் ஏறுகிறது. இரண்டு அரசாங்கத்துக்கும் இதில் வருமானம் இருக்கிறது. மலைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுப் பயனில்லை, விடுங்கள்.

யானைக்கு வருகிறேன். யானையைப் பார்க்கப் பணம் கொடுத்து வருகிறவரும், யானையைப் பார்த்தால் செத்தோம் என்று ஜீப்பில் குனிகிறவரும் இதே மலை ரோட்டில் போகிறார்கள். மூணாறில் ஓர் ஆனைக்குப் 'படையப்பா' என்று பெயர். ரஜினி ரசிகர் யாரோ வைத்தது போலிருக்கிறது. சின்னக்கானல் பக்கம் அரிக்கொம்பன். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றவன். அங்கே 301 காலனி என்று ஒன்று இருக்கிறது. நிலமில்லாத பழங்குடியினரைக் கேரள அரசு குடியேற்றிய இடம், யானைகள் நடக்கிற வழியின் நடுவே. குடியேற்றிய கோப்பில் கையெழுத்துப் போட்டவர்கள் யானைக்கு நோட்டீஸ் அனுப்ப மறந்துவிட்டார்கள். 2023 ஏப்ரல் 29ஆம் தேதி மயக்க ஊசி போட்டு அரிக்கொம்பனைப் பிடித்துப் பெரியார் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மே 27ஆம் தேதி காலையில் கம்பம் தெருவில் ஓடினான். அடிபட்டவர் ஒருவர் பின்னர் இறந்துபோனார். மொபைலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடியவர்களையும், ட்ரோன் பறக்கவிட்டவரையும் அந்த நாட்களில் பார்த்தோம். டிக்கெட் இல்லாத சஃபாரி. ஜூன் 5ஆம் தேதி தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு–முண்டந்துறைக் காட்டில் விட்டது.

மாட்டைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் கம்பத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஜூலுக்களுக்கு மாடு எப்படியோ, அப்படித்தான் நம் மலைமாடு. கம்பம் நந்தகோபாலன் கோயில் தொழுவில் சாமிக்கு நேர்ந்துவிட்ட மாடுகள் நிற்கின்றன. அங்கே மாட்டுக்குத்தான் கும்பிடு. மலைமாடு காட்டில் மேய்ந்து வளர்வது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை போட்டது. பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு என்று சுருக்கியது. மேகமலையோ 2021இலேயே திருவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. புலி வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வைகையின் தலை அந்தக் காட்டில் இருக்கிறது. ஆனால் கிடைமாட்டுக்காரர் காட்டிலிருந்து இறங்கிய பத்தாண்டு கழித்து அவர் மகனுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டு, 'மலைமாட்டுக் கலாச்சார கிராமம்' என்று போர்டு வைத்துப் பயணிகளிடம் கட்டணம் வாங்கினால், அன்றைக்கு ஷாகாலேண்டைப் பார்த்துச் சிரிக்க நமக்கு வாய் இருக்காது.

ஆகவே யாராவது ஜூலு நாட்டுக்குப் போனாலும் தேக்கடிக்குப் போனாலும் ஆட்டத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அந்த நாளை உள்ளூர்க்காரர் பின்னால் நடப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் நில் என்றால் நில்லுங்கள், பேசாதே என்றால் வாயை மூடுங்கள். கட்டணம் குழுவுக்குப் போகிறதா, விடுதி முதலாளிக்குப் போகிறதா என்று கவுண்டரிலேயே கேட்டுவிடலாம். கேட்பதில் வெட்கம் இல்லை. தேக்கடியில் கேட்டால் சொல்வார்கள்.

காசே இல்லாமல் ஒரு நடை நம் பக்கத்திலேயே இருக்கிறது. சித்ரா பௌர்ணமியன்று மட்டும் மங்கலதேவி கண்ணகி கோயில் திறக்கும். கோயில் இருப்பது பெரியார் புலிகள் காப்பகத்துக்குள். குமுளியிலிருந்து ஜீப்பில் போய்வருகிறவர்கள் பெரும்பாலோர். நம் பக்கத்துப் பாதை லோயர்கேம்ப்பைத் தாண்டிப் பளியன்குடியிலிருந்து செங்குத்தாக ஏறுகிறது. அது பளியர் குடியிருப்பு; அவர்கள் வீட்டு வாசலைக் கடந்துதான் ஆயிரக்கணக்கில் நாம் மலையேறுகிறோம். அன்றைக்குப் போகிறவர்கள் பிளாஸ்டிக் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், வழியில் சோதித்து வாங்கிவிடுவார்கள். தண்ணீருக்குத் தூக்குவாளி எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் குமுளிப் பக்கமே போங்கள். நடக்க முடிந்தவர்கள் வெயில் ஏறுவதற்குள் பளியன்குடியை விட்டுக் கிளம்புங்கள். எந்த இடத்தில் பாதை வழுக்கும், எங்கே உட்கார்ந்து இளைப்பாறலாம் என்று ஏறுவதற்கு முன் அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.